பியானோ மட்டும்

செப்டம்பர் 4, திங்கள்

மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், அருப்புக்கோட்டை தாண்டியதும் முடிவு செய்துவிட்டேன். அக்டோபர் எட்டாம் தேதி, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, எங்கள் தெருமுனைச் சமுதாயக் கூடத்தில் தனியாகப் பியானோ வாசிக்கப் போகிறேன். பாடற்குழு கிடையாது, வயலின் கிடையாது. நான், பியானோ, கேட்க வருகிறவர்கள். அவ்வளவுதான்.

இந்தத் தூத்துக்குடியில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கோயிலில் வாசிக்கிறேன். கல்யாணப் பூசை, அடக்கப் பூசை, திருவிழா, எதையும் விட்டதில்லை. எப்போதும் யாராவது பாடுவார்கள், நான் பின்னால் இருப்பேன். ஊர் பார்த்ததெல்லாம் என் முதுகைத்தான். பியானோப் பரீட்சையில் எட்டு கிரேடும் முடித்து, அதற்கு மேல் டிப்ளமாவும் வாங்கியவள், நாற்பத்தேழு வயதுவரை ஒரு முழு நிகழ்ச்சி தனியாக வாசித்ததில்லை என்றால் அது ஊரின் நஷ்டம். சரிசெய்துவிடலாம்.

மதுரைக்கு ஏன் போனேன் என்பது இங்கே முக்கியமில்லை. என் வீட்டுக்காரர் ரெய்னால்டிடம் சேலை எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தேன். அதனால் ஒரு சேலையும் எடுக்க வேண்டியதாயிற்று. கத்தரிப்பூ நிறச் சுங்குடி. "இதுக்கா மதுரை வரைக்கும் போன?" என்றார். ஐஸ் கம்பெனி நடத்துகிற மனிதருக்குச் சேலையைப் பற்றி என்ன தெரியும்.

செப்டம்பர் 5, செவ்வாய்

கூடத்தின் செயலாளர் வின்சென்ட் அண்ணனைப் போய்ப் பார்த்தேன்.

"கச்சேரியா? நல்லது. யாரும்மா பாடுதா?"

"யாரும் பாடல அண்ணே. நான் பியானோ வாசிக்கேன்."

"செரி, நீ பியானோ வாசிக்க. பாடுறது யாரு?"

"பாட்டே கெடையாது அண்ணே."

பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப வந்தவங்க என்ன செய்வாங்க?"

"கேப்பாங்க."

பேனாவை எடுத்து எழுதினார். தலைகீழாகப் பார்த்தாலும் என்னால் படிக்க முடிந்தது: டெல்பின் மச்சாது, பியானோ மட்டும். எட்டாம் தேதி காலையில் அங்கே புதுநன்மை வாங்குகிற ஒரு பிள்ளைக்கு விருந்து இருக்கிறதாம். நாலு மணிக்குள் கூடத்தைக் கழுவித் தந்துவிடுவதாகச் சொன்னார்.

செப்டம்பர் 8, வெள்ளி

என்னென்ன வாசிப்பது என்று தீர்மானித்தாயிற்று. முதலில் பாக் எழுதியது ஒன்று. கைக்கும் காதுக்கும் நல்லது, கூட்டத்தையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். பிறகு ஷோப்பின் எழுதியதில் சின்னதாக இரண்டு. இடைவேளை. பிறகு ஷூபர்ட்டின் பெரிய சொனாட்டா, நாலு பகுதியும் முழுவதும். அரைமணி நேரத்துக்கு மேல் போகும். தாங்குவார்களா என்று கேட்டால், கருவாட்டுச் சந்தையில் அதற்கு மேல் நிற்கிற ஜனம்தானே, தாங்கும்.

இடக்கைச் சுண்டுவிரல் இன்று சொன்னபடி கேட்கவில்லை. கடற்காற்று பட்டுப் பியானோக் கட்டைகள் இறுகியிருக்கின்றன. நாகர்கோவிலிலிருந்து ட்யூன் செய்கிற ஆளை வரச்சொல்லிப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

சாளை மீன் குழம்பு. சட்டியைத் துணி பிடிக்காமல் இறக்கிவிட்டேன். கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டது தெரிந்தது. கவனக்குறைவு.

செப்டம்பர் 13, புதன்

மேபல் மைனி வந்திருந்தார்கள். ரெய்னால்டின் அக்கா. கோயில் பாடற்குழுவை நடத்துவது அவர்கள்தான், எங்கள் குடும்பத்தையும் அவர்கள்தான் நடத்துவதாக அவர்களுக்கு ஓர் எண்ணம்.

"ஊரெல்லாம் சொல்லுதாங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன் மைனி."

"ரெண்டு மணி நேரம் பியானோ மட்டும் யாரு டெல்பி கேப்பா? நடுவுல நம்ம பிள்ளைங்க மூணு பாட்டுப் பாடட்டும். நீயே வாசி. சனங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்."

"வேண்டாம் மைனி."

"ரெண்டு பாட்டு."

"ஒண்ணும் வேண்டாம். இது நான் வாசிக்கிறதுக்கு."

மைனி காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். வாசல்வரை போய்த் திரும்பி, "எங்களுக்கு வாசிச்சது ஒனக்கு அவ்வளவு எளப்பமாப் போச்சா?" என்றார்கள். அப்படி இல்லை என்று சொல்லியிருக்கலாம். கோபம் வந்தால் என்னால் சமாதானம் பேச முடியாது. கேட்டைச் சாத்தினேன். காபி டம்ளர் இடக்கையிலிருந்து நழுவி உடைந்தது. அந்த டம்ளர் எப்போதுமே வழுக்கும்.

செப்டம்பர் 18, திங்கள்

பியானோ ட்யூன் செய்கிறவர் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். சுருதி சேர்த்துத் தந்தார். "கட்டையில ஒரு கொறையும் இல்லீங்க மேடம், வெண்ணெ மாதிரி போகுது" என்றார். அவருக்கு பஸ்ஸுக்கு அவசரம்.

செப்டம்பர் 21, வியாழன்

ஷூபர்ட்டில் சுண்டுவிரலுக்கு வருகிற கீழ்ச்சுரங்கள் பலவற்றை நடுவிரலுக்கு மாற்றிக் குறித்தேன். கை அதிகம் தாவ வேண்டியிருக்கிறது. வேறு வழிகளில் யோசித்துப் பார்ப்பது எந்தக் கலைஞருக்கும் நல்லதுதான். கண்ணால் பார்த்துக்கொண்டே வாசித்தால் பிசகுவதில்லை. வலக்கை அபாரமாகப் போகிறது. அடக்கமில்லாமல் எழுதுகிறேன், ஆனால் பொய்யில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதியே ஆகவேண்டும்.

காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து வெங்காயம் நறுக்கினேன். குழம்பைக் கூட்டி வைத்து, அடுப்பைக் குறைத்துவிட்டுப் பியானோவில் உட்கார்ந்தேன். ஷூபர்ட்டின் இரண்டாம் பகுதி. மெதுவானது. இந்த மாதம் வாசித்ததிலேயே இன்றுதான் நன்றாக வந்தது. ரெய்னால்ட் வெளியிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றது தெரியும்.

"டெல்பி, நிறுத்து."

"இந்தப் பக்கம் முடியட்டும்."

"நிறுத்துன்னேன்லா!"

அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. நிறுத்தினேன். அவர் காட்டிய இடத்தைப் பார்த்தேன். இடப்பக்கத்து வெள்ளைக் கட்டைகளில் எல்லாம் ரத்தம் இழுகியிருந்தது. சுண்டுவிரல் நுனியில் ஆழமான வெட்டு. வெங்காயத்தோடு விரலையும் நறுக்கியிருக்கிறேன்.

"வலிக்கலையா?"

"இல்ல."

விரலைக் கழுவித் துணி சுற்றினார். என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். "கண்ண மூடு. இப்ப நான் எந்த வெரலத் தொடுதேன்?"

என்னால் சொல்ல முடியவில்லை. கண்ணைத் திறந்தபோது மோதிர விரலை நன்றாக அழுத்திப் பிடித்திருந்தார், எங்கள் கல்யாண மோதிரத்தோடு சேர்த்து.

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது. சொன்னேன். இடது முழங்கை நரம்பில் ஒரு கட்டி. புற்று இல்லை என்று ஸ்கேனில் தெரிகிறது. ஆனால் வளர்கிறது. விட்டுவைத்தால் கை முழுவதும் போய்விடும். எடுத்தால் கை பிழைக்கும், சுண்டுவிரலும் மோதிர விரலும் திரும்ப வருமா என்பதற்கு மதுரை டாக்டர் உத்தரவாதம் தரவில்லை. அக்டோபர் பாதிக்கு மேல் தள்ளக்கூடாது என்றார். பன்னிரண்டாம் தேதி ஆபரேஷனுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

"அப்ப எட்டாம் தேதி..."

"அதனாலதான் எட்டாம் தேதி."

குழம்பு அடிப்பிடித்த வாடை வந்தது. அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது சட்டியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "தனியா போயிருக்க. பஸ்ஸுல. மதுரைக்கு. தனியா."

கோபம் அவ்வளவுதான். சேலை நல்ல சேலை என்று பிறகு சொன்னார்.

செப்டம்பர் 25, திங்கள்

நாளைக்கே ஆபரேஷன் என்றார் ரெய்னால்ட். முடியாது என்றேன். டாக்டருக்கு அவரே போன் செய்து அரைமணி நேரம் பேசினார். டாக்டர் எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொல்லியிருக்கிறார். வெளியே வந்து, "செரி. வாசி" என்றார். ஆனால் அடுப்பையும் கத்தியையும் நான் தொடக்கூடாது. இன்று ரசம் அவர் வைத்தது. உப்பளத்துக்குள் இறங்கிக் குடித்த மாதிரி இருந்தது. குடித்தேன்.

என் பக்கத்து நிபந்தனை ஒன்றே ஒன்று. யாரிடமும் சொல்லக்கூடாது, முக்கியமாக மைனியிடம். "வாரவங்க கேக்க வரணும். பாவம்னு பாக்க வரக்கூடாது."

தலையாட்டினார்.

அக்டோபர் 1, ஞாயிறு

பூசை முடிந்து படி இறங்கும்போது மைனி என் அருகில் வந்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள், என் தோளைத் தொட்டு, "ஒன் நிகழ்ச்சி டெல்பி. நீ நெனச்ச மாதிரியே செய்யி. நாங்க கீழ உக்காந்து கேக்கோம். வரவேற்பு மட்டும் நான் பேசட்டுமா?" என்றார்கள். குரல் கம்மியிருந்தது. ஜலதோஷம் என்றார்கள்.

சரி என்றேன். மனிதர்கள் திருந்துவார்கள்.

வீட்டுக்கு வந்து ரெய்னால்டிடம் சொன்னேன். செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "அப்படியா" என்றார்.

அக்டோபர் 7, சனி

பியானோவைக் கொண்டுபோனோம். குட்டியானை வண்டியில், ஐஸ் கம்பெனி ஆட்கள் ஆறு பேர். ஐஸ் பாரைத் தள்ளிப் பழகியவர்கள், இதையும் அதேபோல் சறுக்கிவிடப் பார்த்தார்கள். "இது உருகாதுடே, மெதுவாத் தூக்குங்க!" என்று ரெய்னால்ட் கத்தினார். தெருவே வேடிக்கை பார்த்தது. வண்டி குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் பியானோ உள்ளுக்குள் முனகியது. நான் பின்னால் நடந்து போனேன், சப்பரத்துக்குப் பின்னால் போவதுபோல.

கூடத்தில் வைத்து வாசித்துப் பார்த்தேன். தகரக் கூரையானாலும் சத்தம் நன்றாகச் சுற்றி வருகிறது. விரல்கள் இன்று மோசம். நாளைக்குச் சரியாகிவிடும் என்று எழுத வந்தேன். சரியாகாது. ஆனாலும் வாசிப்பேன்.

அக்டோபர் 9, திங்கள்

நேற்றைய நாளை இன்று காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஐந்தரைக்குப் போனபோது கூடத்தில் பினாயிலும் பிரியாணியும் கலந்து மணத்தது. விருந்து வீட்டார் கட்டிய பலூன்கள் சில இன்னும் மேலே தொங்கின. மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னேன், சத்தத்தில் மெதுவான இடங்கள் கேட்காது. வின்சென்ட் அண்ணன், "சனங்க வெந்துபோவாங்கம்மா" என்றார். கடைசியில் ஓரத்து விசிறிகள் மட்டும் ஓடட்டும் என்று தீர்ந்தது.

கூட்டம் வந்தது. பாடற்குழு இரண்டாம் வரிசை முழுக்க, என்னிடம் படிக்கிற பிள்ளைகளும் பெற்றோரும், ஐஸ் கம்பெனிக் குடும்பங்கள். மாலைச் சந்தை முடிந்து மீன் விற்கிற பெண்கள் சிலர் கூடைகளை வாசலில் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பெஞ்சு போட்டார்கள்.

மைனி மைக்கைப் பிடித்தார்கள். எல்லாரையும் வரவேற்றார்கள், என் படிப்பைச் சொன்னார்கள், நான் கோயிலுக்குச் செய்ததைச் சொன்னார்கள். நன்றாகவே பேசினார்கள். பிறகு கையிலிருந்த தாளை மடித்தார்கள். "நம்ம டெல்பிக்கு வியாழக்கிழமை கையில ஆபரேஷன். இனி வாசிக்க முடியுமோ என்னமோ தெரியல. எல்லாரும் ஒரு நிமிஷம் எந்திரிச்சு அவ கைக்காக வேண்டிக்கிடுவோம்."

கூடம் முழுவதும் எழுந்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தம். யாரோ விசும்பினார்கள். நான் மேடை ஓரத்தில் கத்தரிப்பூச் சேலையில் நின்றுகொண்டிருந்தேன். முதல் வரிசையில் ரெய்னால்ட் தலையைக் கவிழ்த்திருந்தார். அவர்தான் சொல்லியிருக்கிறார், அக்காவிடம்தான் சொல்லியிருக்கிறார். தனியாகச் சுமக்க அவரால் முடியவில்லை. அது எனக்கு அந்த நிமிஷத்தில் புரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பியானோவைத் தூக்கியே எறிந்திருப்பேன்.

இப்படி ஒரு கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் நான் எதை வாசித்தாலும் அழுவார்கள். தப்பாக வாசித்தாலும் கைதட்டுவார்கள். அதற்காகவா இந்த ஒரு மாதம்?

மேடைக்கு நடுவில் போய் மைனியிடமிருந்து மைக்கை வாங்கினேன்.

"எல்லாரும் உக்காருங்க. மைனி சொன்னது உண்மைதான். வியாழக்கிழமை ஆபரேஷன். செபத்த வியாழக்கிழமை செய்யுங்க, ரொம்ப நன்றி. இன்னைக்குக் கை இருக்கு. இன்னைக்கு நான் வாசிக்கேன், நீங்க கேளுங்க. நல்லா இருந்தா மட்டும் கைதட்டுங்க. இல்லன்னா சும்மா இருங்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

பின்வரிசையில் ஒரு பெண் பலமாகச் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

பாக் தெளிவாக வந்தது. கோபம் நல்லதொரு மருந்து. முடிந்ததும் கைதட்டல் கொஞ்சம்தான், யோசித்துத் தட்டினார்கள். எனக்கு அது பிடித்தது. ஷோப்பினில் இரண்டாவதாக வாசித்தது மெதுவான ஒன்று. இடக்கை அலைபோல் போய்வர, மேலே வலக்கை தனியாகப் பேசும். அதை வாசிக்கும்போது கூடத்துக்குள் இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. முடிந்தபோது கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

இடைவேளையில் ரெய்னால்ட் பக்கத்தில் வரவே இல்லை. தண்ணீர் மட்டும் ஆள் மூலம் அனுப்பினார்.

சொனாட்டாவின் கடைசிப் பகுதியில்தான் நான் எதிர்பார்த்தது வந்தது. இரண்டு விரலும் மரக்குச்சி மாதிரி ஆகிவிட்டன. பக்கத்துக் கட்டை விழுந்து அபஸ்வரம் பெரிதாகக் கேட்டது. சமாளித்தேன். அடுத்த வரியில் மறுபடியும். நிறுத்திவிட்டேன்.

பயந்து நிறுத்தவில்லை. தப்பாக வாசிப்பதைவிட நிறுத்துவது மேல். கையை இரண்டு மூன்று தடவை உதறினேன். கூட்டத்தைப் பார்த்து, "இதுக்கு முந்தின எடத்துலருந்து திருப்பி வாசிக்கேன்" என்றேன்.

திரும்பப் போனேன். இந்தத் தடவை சுண்டுவிரலை நம்பவே இல்லை. அடிச்சுரங்களை எல்லாம் நடுவிரலால் தாவித்தாவி எடுத்தேன், தோளிலிருந்து கையை வீசி. பார்க்க அழகாக இருந்திருக்காது. ஒரு சுரமும் விடவில்லை. கடைசிச் சுரங்களைச் சேர்த்து அழுத்தி, சத்தம் முழுவதும் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

இப்போது தட்டினார்கள். அது பரிதாபமா பாராட்டா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதைத்தான் யோசித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து முன்பு சிரித்த பெண் எழுந்தாள். மீன் விற்கிறவள். முன்பின் பார்த்ததில்லை.

"எம்மா, இடைவேளைக்கு முந்தி ஒண்ணு வாசிச்சியள்லா, மெதுவா. அத இன்னொருக்க வாசிங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. கேட்டுட்டுப் போறேன்."

அவள் முகத்தில் அழுகை இல்லை, இரக்கமும் இல்லை. அவளுக்கு அது வேண்டியிருந்தது, கேட்டாள்.

உட்கார்ந்து வாசித்தேன். முதல் தடவையைவிட நன்றாக வாசித்தேன். முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அவள் கூடை வாசலில் இல்லை.

அக்டோபர் 11, புதன்

மதுரை. நாளைக் காலை ஆபரேஷன். ரெய்னால்ட் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறார். அக்காவிடம் சொன்னதற்காக இதுவரை நாலு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டார். முதல் தடவையே மன்னித்துவிட்டேன். சொல்லவில்லை, உரித்துக் கொடுக்கட்டும்.

மைனியையும் மன்னித்தாயிற்றா என்று தெரியவில்லை. தூத்துக்குடியிலிருந்து டிபன் கேரியரில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து, "எனக்குத் தாங்கல டெல்பி, அதான் பேசிட்டேன்" என்றார்கள். "தாங்கியிருக்கணும் மைனி" என்றேன். சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அக்டோபர் 13, வெள்ளி

முடிந்தது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். கை கனக்கிறது.

அக்டோபர் 20, வெள்ளி

பரிசோதனை முடிவு வந்தது. புற்று இல்லை. ரெய்னால்ட் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

கட்டுப் பிரித்தாயிற்று. மோதிர விரலை டாக்டர் ஊசியால் தொட்டபோது எங்கேயோ தூரத்தில் யாரோ தட்டுவதுபோல் இருந்தது. "இது வந்துடும், பயிற்சி பண்ணுங்க" என்றார். சுண்டுவிரலைப் பற்றிக் கேட்டேன். "பார்ப்போம்" என்றார். டாக்டர்கள் பார்ப்போம் என்றால் எனக்கு அர்த்தம் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, துணியைக்கூட மாற்றாமல் பியானோவைத் திறந்தேன். ரெய்னால்ட் பின்வாசலில் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். இடக்கையைத் தூக்கி வைத்து, சுண்டுவிரலைக் கடைசிக் கட்டைமேல் படுக்கவைத்தேன். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டை சில்லென்று இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா, இருக்கிறதா என்பதே தெரியவில்லை. கை முழுவதன் கனத்தையும் அந்தப் பக்கம் சாய்த்தேன்.

கீழ்ச்சுரம் கேட்டது. நீளமாக, ஆழமாக, சுத்தமாக.

"யாரு டெல்பி வாசிக்கா?" என்று பின்வாசலிலிருந்து அவர் சத்தமாகக் கேட்டார்.

"நான்தான்" என்றேன். இன்னொரு தடவை சாய்த்தேன்.